புதன்கிழமை முட்டை

அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆள், தன் முறை வந்தும் எழுந்திருக்கவில்லை. கால்நடை மருத்துவமனையின் கம்பவுண்டர் இரண்டு தடவை குரல் கொடுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் போய்க் குனிந்து, "உள்ள என்னங்க, பூனைக்குட்டியா?" என்று கேட்டார்.

"முட்டை" என்றார் அவர்.

கம்பவுண்டருக்கு அந்த ஒரு சொல்லிலேயே பொழுது விடிந்துவிட்டது. நாய்க்கு ஊசி, ஆட்டுக்குப் பூச்சிமருந்து என்று ஓடிக்கொண்டிருந்த அவருடைய காலத்தில், டாக்டரம்மாவோடு சேர்ந்து கண்டுபிடித்த மர்மங்கள் சிலவே. திடீரென்று பேச்சை நிறுத்திய கிளி ஒன்று. சோப்புக் கட்டியைத் தின்றுவிட்டு நுரை தள்ளிய நாய் ஒன்று. துப்பறியும் கதைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற மனிதருக்கு, இவற்றில் ஒன்றில்கூட விஷம் இல்லாமல் போனது பெரிய மனக்குறை.

டாக்டரம்மா அப்படியில்லை. வீடு பற்றி எரிந்தாலும் முதலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். எந்த உயிரைத் தொடுவதற்கு முன்பும் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது அவர் வழக்கம். முட்டை என்று கேள்விப்பட்டபோதும் பழக்கதோஷத்தில் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"நான் பஸ் டிரைவருங்க" என்று ஆரம்பித்தார் வந்தவர். தடித்த கழுத்தும் சிவந்த கண்ணுமாக இருந்தார். "வீட்டுப் பின்னாடி அஞ்சு கோழி இருக்கு. ஒரு மாசமா முட்டை கோணல்மாணலா வருது. கோழி என்னோடது இல்ல. என் பையனோடது."

"பையனையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் கம்பவுண்டர், வாய் சும்மா இருக்கமாட்டாமல்.

"இல்லீங்க. போன மழைக்காலத்துல போயிட்டான். காய்ச்சல்னு படுத்தான், எழுந்திருக்கல. இருபத்தொரு வயசு."

கம்பவுண்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டரம்மா நாற்காலியை டிரைவருக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பெட்டிக்குள் மரத்தூள் பரப்பி, அதன்மேல் முட்டைகளை அடுக்கியிருந்தார் டிரைவர். ஒவ்வொன்றிலும் பென்சிலால் கிழமை எழுதியிருந்தது. "அவன்தான் இப்படி எழுதுவான். நானும் விடாம எழுதறேன்" என்றார்.

டாக்டரம்மா முட்டைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். வெள்ளை முட்டைகள் ஒரு பக்கம். அவற்றின் ஓட்டில் மணலை அள்ளித் தூவி ஒட்டவைத்த மாதிரி சொரசொரப்பு. பழுப்பு முட்டைகள் இன்னொரு பக்கம். இவற்றில் சொரசொரப்போடு வேறொரு கோளாறும் இருந்தது. முட்டையின் இடுப்பைச் சுற்றி மேடாக ஒரு வளையம். டார்ச் விளக்கை அடியில் பிடித்தபோது, வளையத்தை ஒட்டிக் கோடுகோடாக விரிசல்களும் அவற்றின்மேல் பூசி மெழுகின தழும்புகளும் தெரிந்தன.

"பழுப்பு முட்டையெல்லாம் ஒரே கோழியோடதா?"

"ஆமாங்க. புள்ளிக்காரின்னு கூப்பிடுவான். அவன் செல்லம். மத்த நாலும் வெள்ளை முட்டைதான் போடும்."

"இந்த ரெண்டு பழுப்பு முட்டைல மட்டும் வளையம் இல்லையே" என்று கம்பவுண்டர் கண்டுபிடித்தார். இரண்டிலும் 'புதன்' என்று எழுதியிருந்தது. ஒன்று போன வாரத்தது, மற்றது அதற்கு முந்தைய வாரத்தது.

டாக்டரம்மா அந்த இரண்டையும் தனியே எடுத்து வைத்தார். "எது முதல்ல ஆரம்பிச்சுது? வளையமா, சொரசொரப்பா?"

"வளையந்தாங்க. ஓட்டுல சத்து போதலை போலிருக்குன்னு எல்லா கோழிக்கும் தீவனத்துல கிளிஞ்சல் தூளை அள்ளிப் போட்டேன். அதுக்கப்புறம் எல்லாமே சொரசொரன்னு ஆயிடுச்சு. இது பக்கத்து வீட்டுத் தச்சன் வேலைங்க. அவன்தான் ஏதோ கலந்துட்டான்."

கம்பவுண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பையன் இருக்கறப்ப நல்லாத்தான் பழகினான். கோழிக்கூண்டே அவன் செஞ்சு கொடுத்ததுதான். இந்த மரத்தூள்கூட அவன் பட்டறையிலேர்ந்து வந்தது. போன மாசம் திடீர்னு அவன் வீட்டுப் பின்ஜன்னலைப் பலகை வச்சு ஆணி அடிச்சு மூடிட்டான். அந்த ஜன்னல் எங்க கூண்டைப் பார்த்த ஜன்னல். என்னைத் தெருவுல பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கறான். மனசுல குத்தம் இல்லாதவன் எதுக்கு ஜன்னலை அடைக்கணும்?"

"நியாயமான கேள்வி" என்றார் கம்பவுண்டர்.

"நாளைக்குக் காலைல கோழி வியாபாரி வர்றான். என் வீட்டுக்காரிக்கு அதுங்க சத்தமே ஆகாது. பையன் செத்துப்போன அந்த வாரமே, 'யாருக்காவது குடுத்துடுங்க'ன்னா. நான்தான் சாக்கு சொல்லித் தள்ளிக்கிட்டே வந்தேன். இப்ப முட்டையும் இப்படி ஆனதும், 'இது நோய், தெருவுல மத்தவங்க கோழிக்கும் ஒட்டிக்கும்'னு அவ சொல்றா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல." பெட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "டாக்டர், நோய் இல்லைன்னு சொல்லுங்க. அவன் கை பட்ட உயிருன்னு இனிமே அதுங்கதான் மிச்சம்."

டாக்டரம்மா சம்பந்தமே இல்லாமல், "உங்களுக்கு வார லீவு என்னைக்கு?" என்று கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை. இன்னைக்குத்தான்."

"மத்த நாள்?"

"சாயங்கால வண்டி. மதியம் போனா ராத்திரிதான் திரும்புவேன். போன மாசம் நானே கேட்டு வாங்கிக்கிட்ட டியூட்டி. அவன் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற நேரம் அது. அந்த நேரத்துல வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க முடியலீங்க."

டாக்டரம்மா எழுந்தார். "கம்பவுண்டர், பையை எடுத்துக்குங்க. போய்ப் பார்த்துடலாம்."

டிரைவர் வீடு நெருக்கமான தெருவில் இருந்தது. முன்னறை முழுவதும் தையல் மெஷினும் துணி மூட்டைகளும். டிரைவரின் மனைவி அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுக்கிறவர். மெலிந்த உடம்பு, சிக்கனமான பேச்சு. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "வாங்க" என்றார். "நோய்தானே?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் தலையைக் குனிந்து மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

பின்கட்டு சின்னது. ஒரு குழாயடி, மதிலோரம் மரச்சட்டமும் கம்பிவலையுமாகக் கோழிக்கூண்டு, குறுக்கே ஒரு துணிக்கொடி. மதிலுக்கு அந்தப் பக்கம் தச்சர் வீட்டு ஜன்னல் தெரிந்தது. உண்மையிலேயே பலகை அடித்துத்தான் மூடியிருந்தது. அதுவும் சாதாரணமாக அல்ல. ஒரு பலகைக்கு இரண்டு ஆணி போதும் என்கிற இடத்தில் தச்சுத்தொழில் தெரிந்த ஒருவர் கன்னாபின்னாவென்று ஆணியாய் அடித்திருந்தார். கம்பவுண்டர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

டாக்டரம்மா ஜன்னலைப் பார்க்கவில்லை. கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். கொடி நிறையத் தைப்பதற்கு முன் நனைத்துக் காயப்போட்ட புதுத்துணிகள். நடுவில் நீலக் கட்டம் போட்ட ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று, துவைத்துத் துவைத்து வெளிறிப்போய்த் தொங்கியது. கைமடிப்பில் இன்னும் ஈரம் இருந்தது. மார்புக்கு நேராக இரண்டு பட்டன்களைக் காணோம்.

"டாக்டரம்மா" என்று கம்பவுண்டர் காதோரம் கிசுகிசுத்தார். "இது டிரைவர் சட்டை இல்ல. அவர் இதுக்குள்ள பாதிகூட நுழைய முடியாது. வீட்டுல மூணாவது ஆள் ஒருத்தன் இருக்கான்."

"இருந்தான்" என்றார் டாக்டரம்மா. "பையனோட சட்டை."

"போயிட்ட பையன் சட்டையை எதுக்குத் துவைக்கணும்?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

புள்ளிக்காரியைப் பிடிக்கிற வேலை கம்பவுண்டர் தலையில் விழுந்தது. டிரைவர் கூண்டுக்கு அருகில் போனாலே அது மூலைக்கு ஓடியது. ஆனால் வெள்ளைக் கோட்டும் வரிசையாகப் பட்டனுமாகக் கம்பவுண்டர் உள்ளே நுழைந்ததும், தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானாகவே அருகில் வந்தது. தூக்கியதும் முழங்கை மடிப்பில் வாகாகப் பொருந்திக்கொண்டது. பிறகு, கடமை தவறாத ஊழியன் போல, அவருடைய மார்புப் பட்டனைக் கொத்த ஆரம்பித்தது. டாக்டரம்மா கையைத் தேய்த்துச் சூடாக்கி அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்து முடிப்பதற்குள், பட்டன் நூலோடு அறுந்து மண்ணில் விழுந்தது.

"கல்யாணத்துக்கு எடுத்த கோட்டு இது" என்றார் கம்பவுண்டர், பரிதாபமாக.

"நல்ல ஆரோக்கியம். ஒரு குறையும் இல்ல" என்று டாக்டரம்மா கோழியிடம் சொன்னார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "இதை இப்ப யாராவது தூக்கறதுண்டா?" என்று கேட்டார்.

"யாரும் தூக்கறதில்லீங்க. அவன் தூக்குவான், தினமும் காலைல, முட்டை போட்டப்புறம். கக்கத்துல வச்சுக்கிட்டே பல் தேய்ப்பான். என்கிட்ட அது வராது. அவளோ கூண்டுப் பக்கமே வரமாட்டா."

"ஆனா தூக்கற கையை மறக்காத கோழியா இருக்கே" என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் விளக்கவில்லை.

தச்சர் தன் பட்டறையில் ஒரு நாற்காலிக் காலை இழைத்துக்கொண்டிருந்தார். பெரிய மீசை. ஜன்னலைப் பற்றிக் கேட்டதும் இழைப்புளி நின்றது.

"காத்து வருது. அதான் அடைச்சேன்" என்றார்.

"காத்து வராட்டி மரத்தூள்ல மூச்சு முட்டாதா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். மீசை துடித்தது. "சாயங்காலம் ஆனா நான் அந்தப் பக்கமே போறதில்ல, டாக்டரம்மா. ஒண்ணு சொல்றேன். அந்தப் புள்ளிக் கோழி அங்க இருக்கற வரைக்கும் யாருக்கும் நிம்மதி கிடையாது. வித்துடச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் கம்பவுண்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். குளிருக்காக அல்ல. "ஒத்துக்கிட்ட மாதிரிதான். முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. என்ன விஷம்னு கண்டுபிடிக்கறதுதான் பாக்கி."

"அந்த முகத்துல இருந்தது பயம், கம்பவுண்டர். ஒருத்தருக்குக் கெடுதல் பண்ணினவன் அந்த ஆளைப் பார்த்துத்தான் பயப்படுவான். இவர் சாயங்கால நேரத்தைப் பார்த்துப் பயப்படறார்."

அவர் நடையில் வழக்கமான நிதானம் இருந்தது. ஆனால் டிரைவர் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றிய பிறகும் உள்ளே போகாமல் சற்று நின்றார். உள்ளே போக அவருக்குப் பிடிக்கவில்லை என்று கம்பவுண்டருக்குத் தோன்றியது. இத்தனை வருடத்தில் அப்படி அவர் தயங்கிப் பார்த்ததே இல்லை.

தையல்காரம்மா கம்பவுண்டரின் கோட்டைப் பார்த்ததும், கேட்காமலேயே கையை நீட்டினார். "கழட்டிக் குடுங்க. பட்டன் இல்லாம எப்படித் தெருவுல போவீங்க?" டப்பாவில் தேடி, அதே அளவு வெள்ளைப் பட்டன் ஒன்றை எடுத்து, ஊசியில் நூலைக் கோத்தார்.

டாக்டரம்மா டிரைவரிடம் சுருக்கமாகச் சொன்னார். "நோய் இல்ல. வியாபாரியை வரவேண்டாம்னு சொல்லிடுங்க. கிளிஞ்சல் தூளைத் தீவனத்துல கலக்காதீங்க. தனிக் கிண்ணத்துல வையுங்க, வேணும்கற அளவுக்கு அதுங்களே கொத்திக்கும். நீங்க அள்ளிப் போட்ட சுண்ணாம்புச் சத்து அதிகமாகித்தான் ஓடு சொரசொரத்துப் போச்சு. அது பத்து நாள்ல சரியாயிடும்."

"வளையம்?"

"அதுவும் சரியாயிடும்."

"எதனால வந்துச்சுன்னு சொல்லலையே."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? விட்டுடுங்களேன்."

கம்பவுண்டருக்கு ஏமாற்றம் தாங்கவில்லை. எந்தக் கதையிலும் துப்பறிகிறவர் இப்படிக் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டதில்லை. டிரைவருக்கோ அந்தத் தயக்கமே போதுமானதாக இருந்தது. விறுவிறுவென்று வெளியே போனார். பக்கத்து வீட்டில் இரைச்சல் கேட்டது. தச்சரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மெஷினுக்கு முன்னால் நிறுத்தினார்.

"இவன்தானே டாக்டர்? என் பையன் வளர்த்த உயிரை என்ன பண்ணினேன்னு இவன் வாயாலயே சொல்லட்டும். அவன் உன்னை மாமான்னு கூப்பிட்டானே, உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"அப்ப எதுக்குடா ஜன்னலை அடைச்சே?"

தச்சரின் பெரிய உடம்பு குறுகியது. தையல்காரம்மாவை ஒரு தடவை பார்த்தார். "அம்மா, மன்னிச்சுக்கணும். சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றார். "உங்க பையன் வர்றான். விளக்கு வைக்கற நேரத்துல, கூண்டுக்குள்ள, அந்த நீலக் கட்டச் சட்டையைப் போட்டுக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நிப்பான். புள்ளிக் கோழியை மாரோட அணைச்சுக்கிட்டு ஏதோ பேசுவான். ரெண்டு தடவை பார்த்தேன். அவனை நான் தோள்ல தூக்கி வளர்த்தேன். இருந்தும் பயந்துட்டேன். அதான் அடைச்சேன்."

டிரைவர் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். கம்பவுண்டர் தன் கோட்டைப் பார்த்தார். பட்டனில் பாதி நுழைந்த ஊசி அப்படியே நின்றிருந்தது. தையல்காரம்மாவின் விரலில் ஒரு பொட்டு இரத்தம்.

"அது நான்தான்" என்றார் அவர்.

டாக்டரம்மா மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "நீங்களே சொல்லணும்னுதான் நான் வாயைத் திறக்கல" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கோழி காலைல முட்டை போடுது. ஆனா அந்த முட்டைக்கு ஓடு கட்டறது முந்தின நாள் மதியத்துல ஆரம்பிச்சு ராத்திரி முழுக்க நடக்கற வேலை. சாயங்காலம் ஓடு ரொம்ப மெலிசா இருக்கும். அந்த நேரத்துல கோழியை யாராவது இறுக்கினா வயித்துக்குள்ளயே முட்டை விரிசல் விட்டுடும். கோழி அதை அப்படியே விட்டுடாது. ராத்திரியெல்லாம் விரிசல் மேல சுண்ணாம்பு பூசிப் பூசி ஒட்டவச்சுக் காலைல வெளியே தள்ளும். அந்தத் தழும்புதான் வளையம். பழுப்பு முட்டைல மட்டும்தான் அது இருந்துச்சு. அதனால யாரோ ஒருத்தர் சாயங்காலத்துல அந்த ஒரு கோழியை மட்டும் தூக்கறாங்கன்னு காலைலயே தெரிஞ்சுபோச்சு. புதன்கிழமை முட்டை மட்டும் நல்லா இருந்துச்சு. அப்படின்னா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யாரும் தூக்கல. செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக்காரர் வீட்டுல இருக்கற நாள்."

"இவருக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்த கம்பவுண்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். இந்தத் தடவை தானாகவே.

"கொடியில சட்டையைப் பார்த்தேன். தினமும் துவைக்கற சட்டை தினமும் அழுக்காகற சட்டையா இருக்கணும். கோழிய மாரோட அணைச்சவங்க சட்டைல அழுக்கு ஆகாம எப்படி இருக்கும்? கம்பவுண்டர் கோட்டுல கோழி எந்தப் பட்டனைப் பிச்சுச்சோ அதே இடத்துலதான் அந்தச் சட்டையிலயும் பட்டன் இல்ல. முன்னப்பின்ன தெரியாத மனுஷன் கோட்டுக்குக் கேக்காமலே பட்டன் தைக்கறீங்க. உங்க வீட்டுச் சட்டை பட்டன் இல்லாம தொங்குது."

"அதுல அவன் போட்டுக்கிட்ட பட்டன்தான் இருக்கணும்" என்றார் தையல்காரம்மா. "வேற பட்டன் வைக்க எனக்குக் கை வரல."

பிறகு அவர் பேசினார். கணவனைப் பார்க்காமல், கோட்டைப் பார்த்துப் பேசினார். "அவன் துணிமணி எல்லாத்தையும் பெட்டியில போட்டு இவர் பூட்டினார். அன்னைக்கு இந்தச் சட்டை துவைக்கற துணியோட கிடந்துச்சு, தப்பிச்சுது. முதல் வாரமே அவன் வாசனை போயிடுச்சு. அப்புறம் இவரும் சாயங்காலத்துல இல்ல. ஒரு நாள் குளிருக்கு அதை எடுத்துப் போட்டுக்கிட்டுக் கூண்டைச் சாத்தப் போனேன். அதுக்கு முன்னாடி புள்ளிக்காரி என்னைக் கண்டா ஓடும். அன்னைக்கு ஓடி வந்துச்சு. முழங்கைல தலையை வச்சுக்கிட்டு, பட்டனைக் கொத்திக்கிட்டு, அவன்கிட்ட எப்படி இருக்குமோ அப்படியே இருந்துச்சு."

நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தார். "அவன் இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, டாக்டர். தெருவுக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும். அந்தக் கோழிக்கு மட்டும் தெரியல. அது இன்னும் அவன் இருக்கான்னு நம்பிக்கிட்டிருக்கு. நான் தினமும் போய் நிக்கலைன்னா அதுவும் தெரிஞ்சுக்குமே. இறுக்கறேன்னு எனக்குத் தெரியவே இல்ல."

தச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். கம்பவுண்டருக்கு வீட்டில் அதே வயசில் ஒரு மகன் இருந்தான். கழற்றிய சட்டையைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போவான் என்று அன்று காலையிலும் அவனைத் திட்டிவிட்டு வந்திருந்தார்.

"நீதானே விக்கச் சொன்னே?" என்று டிரைவர் கேட்டார். கோபம் இல்லை. வழி தெரியாதவர் கேட்பது போலக் கேட்டார். "அதுங்க சத்தமே ஆகாதுன்னு நினைச்சேனே."

"நீங்க காலைல கூண்டு முன்னாடி நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழறீங்க. நான் தூங்கறேன்னு நினைச்சுக்கிட்டு. ஜன்னல் வழியா எத்தனை நாள் பார்க்கறது? கோழி இல்லைன்னா நீங்களாவது தேறுவீங்கன்னு நினைச்சேன். எனக்கு அது வேணும்தான். உங்களுக்காக விட்டுடலாம்னு பார்த்தேன்."

"கொடியில அந்தச் சட்டையை நானும் பார்த்தேன். தினமும் பார்த்தேன். கேட்டா நீ அழுவேன்னு கேக்கல."

ஒரே கூரைக்குக் கீழே, மழைக்காலம் முடிந்ததிலிருந்து, இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உபகாரம் இதுதான். டாக்டரம்மா வாய்விட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அவரும் மனுஷிதான் என்று கம்பவுண்டர் அன்றுதான் நினைத்துக்கொண்டார்.

"தூக்கக்கூடாதுன்னு சொல்லல" என்றார் டாக்டரம்மா, எழுந்துகொண்டே. "காலைல தூக்குங்க, அது முட்டை போட்டப்புறம். உங்க பையன் செஞ்ச மாதிரி. சாயங்காலம் போனா பக்கத்துல நில்லுங்க, கைல வாங்கினாலும் கை லேசா இருக்கட்டும். உங்க வலி அதுக்குத் தெரியாது. அழுத்தம் மட்டும்தான் தெரியும்."

தையல்காரம்மா மீதித் தையலையும் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கோட்டைக் கம்பவுண்டரிடம் நீட்டினார். காசு எடுக்கப் போனவரைக் கண்ணாலேயே தடுத்துவிட்டார். தச்சர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினார். சற்று நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டுக் கழலும் சத்தம் கேட்டது.

மருந்துப்பை கூண்டருகிலேயே இருந்தது. அதை எடுக்கக் கம்பவுண்டரும் டாக்டரம்மாவும் பின்கட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. தையல்காரம்மா அவர்களைத் தாண்டிக் கொடிக்குப் போனார். நீலச் சட்டையை உருவி, உடுத்தியிருந்த துணிமேலேயே போட்டுக்கொண்டார். இனி ஒளிக்க ஆள் இல்லை. கூண்டைத் திறந்து உள்ளே போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றார். புள்ளிக்காரி ஓடி வந்தது. அவர் குனிந்து, முட்டையை எடுப்பது போல அவ்வளவு மெதுவாக அதைத் தூக்கினார்.

டிரைவர் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வெளிச்சத்தில், அந்தச் சட்டையில், அந்த ஒடிசலான முதுகை அவர் இதற்கு முன் எத்தனையோ மாலைகளில் அதே இடத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்க்கக்கூடாது என்றுதான் சாயங்கால வண்டி கேட்டு வாங்கிக்கொண்டு ஓடியிருந்தார். உதடு அசைந்தது. சொல்ல நினைத்துச் சொன்ன மாதிரி இல்லை.

"தம்பி" என்றார்.

கோழி தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தது. மகனை அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது கம்பவுண்டருக்கு அப்போதுதான் புரிந்தது.

தையல்காரம்மாவின் தோள் ஒரு முறை குலுங்கியது. என்ன நடந்தது என்று அவருக்கும் புரிந்துவிட்டது. திரும்பினால் தன் முகம் தெரிந்துவிடும். அவர் திரும்பவில்லை. கோழியைத் தளர்வாக அணைத்தபடி, அழுகைச் சத்தம் வெளியே வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டு, கணவன் பார்த்து முடிக்கும் வரை அப்படியே நின்றார்.

டாக்டரம்மா கம்பவுண்டரின் கையைத் தொட்டார். இருவரும் முன்வாசல் வழியாக வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்கள்.